முதல் அடியை மறைத்தவள்

அவளுக்கு டவலக்கா என்று பெயர் விழுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இடது தோளில் எந்நேரமும் ஒரு சின்ன டவல் கிடக்கும். மூக்குக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பாள். ஒரு பிள்ளைக்குத் துடைத்ததை எடுத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையிடம் போகிற ஆயாவை அந்த அறையில் ஒரு நாள்கூட நிற்க விடமாட்டாள். நாக்கு இன்னும் புரளாத பிள்ளைகள் அவளை ‘வவக்கா’ என்று கூப்பிடும். அதற்கும் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகம் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேல்மாடியில் ஒரு பல் டாக்டர். அவருடைய இயந்திரம் ‘உய்ங்’ என்று சுற்றத் தொடங்கினால், கீழே கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்க்கும். “நம்ம எல்லாரையும் விட அவருக்குத்தான்யா பிள்ளை வளக்கத் தெரியுது” என்பார் சமையல்காரர்.

கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் அறை. ஒரு வயது முடிந்தவர்களுக்கு நடை அறை. இரண்டு முடிந்தால் பேச்சு அறை. டவலக்கா நடை அறைக்குப் பொறுப்பு. அங்கே கதவோரம் வரிசையாகப் பை மாட்டும் கொக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். மீன், மணி, குடை, வாளி. பிள்ளைகளுக்குத் தங்கள் கொக்கி தெரிய வேண்டும் என்று ஒட்டியது. ஆனால் ஆயாக்கள் வாயில் அதுவே பெயராகிவிட்டது. “மீனுக்கு வயிறு சரியில்ல.” “வாளி தூங்கி எழுந்தாச்சு, டயப்பர் பாரு.”

அந்த அறைக்கென்று அவள் சில சட்டங்கள் வைத்திருந்தாள். உள்ளே யாருக்கும் காலணி கிடையாது. வெறும் பாதம் தரையில் பட்டால்தான் விரல்கள் தரையைப் பற்றப் பழகும். நடைவண்டி வாசலோடு நின்றுவிட வேண்டும். அதில் உட்கார்ந்து ஓடுகிற பிள்ளை நுனிக்காலால் உந்தத்தான் பழகும், நிற்கப் பழகாது. நடக்க வைக்கிறேன் பேர்வழி என்று மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முழங்கை மூட்டு நழுவிவிடும். விழுந்தவுடன் பாய்ந்துபோய் அள்ளக் கூடாது. விழுந்த பிள்ளை முதலில் பெரியவர்கள் முகத்தைத்தான் பார்க்கும். அந்த முகம் பதறினால்தான் அழும்.

சுவரோரமாக, பிள்ளைகளின் மார்பு உயரத்தில், அறையின் நீளத்துக்கும் ஒரு மரக்கம்பி ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பழகியவர்கள், ஒரு நாள் கம்பி முடிகிற இடத்தில் கையை விட்டுவிடுவார்கள். இரண்டு அடி, மூன்று அடி. பிறகு தொப்பென்று உட்கார்ந்து, தாங்கள் செய்தது தங்களுக்கே புரியாமல் விழிப்பார்கள்.

அந்த நிமிடத்துக்குத்தான் அவளுடைய மிகப் பெரிய சட்டம். அந்த முதல் அடியை ஆயாக்கள் யாரும் பார்க்கவில்லை, அதுதான் சட்டம்.

காப்பகத்தில் ஒரு பிள்ளை முதல் அடி வைத்தால் வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது. மாலையில் கூட்டிப்போக வருகிற அம்மாவிடம் டவலக்கா ஒன்றே ஒன்று சொல்வாள்: “இன்னைக்கு வீட்டுக்குப் போய்த் தூக்காதீங்க. தரையில உக்காந்து, நாலு முழம் தள்ளி இருந்து கூப்பிட்டுப் பாருங்க.” மறுநாள் காலையில் அந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்துவாள்: “அக்கா, நடந்துட்டான்!” உடனே உள்ளே இருக்கிற மூன்று பேரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாயைப் பிளக்க வேண்டும். “அய்யய்யோ, நிஜமாவா! எங்ககிட்ட ஒரு அடி வைக்கலியே, கள்ளன்!” இதில் சமையல்காரர்தான் சொதப்புவார். ஒரு முறை, “ஆமாமா, நேத்தே நல்லா…” என்று ஆரம்பித்து, டவலக்கா முறைத்த முறைப்பில், “நல்லா சாப்பிட்டான்” என்று முடித்தார்.

வளர்ச்சித் தாள் என்று பிள்ளைக்கு ஒன்று உண்டு. தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நின்றது, நடந்தது என்று கட்டம் கட்டமாகத் தேதி போட வேண்டும். ‘நடந்தது’ என்ற கட்டத்தை மட்டும் டவலக்கா வெறுமையாக வைத்திருப்பாள். அம்மா வந்து சொல்கிற நாளைத்தான் அதில் எழுதுவாள். நானூறு பிள்ளைகளுக்காவது அப்படி எழுதியிருப்பாள்.

இந்த வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி முடித்து அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய மகனுக்குப் பதினோரு மாதம். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளைப் பார்க்க வந்தாள். ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டே, “உன் மகன் இன்னைக்கு நடந்துட்டான், தெரியுமா? அலமாரிலேர்ந்து கதவு வரைக்கும்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். இவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். உள்ளே போய் மகனை நிறுத்தி நடக்கச் சொன்னபோது, அவன் நடந்தான். அது இரண்டாவது தடவை. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது அவளுக்கு ஆறவே இல்லை. மகன் இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிறான், மாதம் ஒரு முறை வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறான். கணவர் வெல்டர். “பிள்ளைகளைப் பெத்தவங்களுக்குப் பொய் சொல்லிச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்” என்று கேலி செய்வார். அவள் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

குடைக்கொக்கிப் பிள்ளை பன்னிரண்டு மாதத்தில் நடை அறைக்கு வந்தாள். வரும்போதே வாய். மற்றவர்கள் ‘ம்மா’வும் ‘பா’வும் சொல்லிக்கொண்டிருக்கையில் இவள் சமையல்காரரைப் பார்த்து, “போ, சோறு எடு” என்பாள். அம்மா ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அப்பா தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

பதிமூன்றாவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, குடை கம்பியின் முனையில் நின்று கையை விட்டாள். டவலக்கா எதிரே பாயில் முட்டி போட்டு உட்கார்ந்து வாழைப்பழத்தை மசித்துக்கொண்டிருந்தாள். ஆறு அடி. விழவில்லை. ஆறாவது அடியில் டவலக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “பழம்” என்றாள்.

மாலையில் டவலக்கா வழக்கமானதைச் சொன்னாள். “இன்னைக்குத் தரையில உக்காந்து கூப்பிட்டுப் பாருங்கம்மா.”

“சரிக்கா” என்றாள் அம்மா, கண் மின்ன. அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று பாதி அம்மாக்களுக்குத் தெரிந்துதான் இருந்தது; இவளுக்கு, இன்றோ நாளையோ நடந்துவிடுவாள் என்று மட்டும் பட்டது.

அன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது மெலிந்து, சிணுங்கிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்து நின்றாள், நகர்ந்தாள். கையை விடவில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளை, கால் கொஞ்சம் சோர்ந்திருக்கும், பத்து நாளில் ஓடும் என்று டவலக்கா கணக்குப் போட்டாள். பதினான்காவது மாதத்தில் ஒரு முறை இரண்டு அடி வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். பிறகு அதுவும் இல்லை.

அம்மா ஒவ்வொரு மாலையும் கேட்டாள். “இன்னைக்காவது ஏதாச்சும்…?”

“நடப்பாம்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேளை இருக்கு. இவளுக்கு வாய்தான் முதல்ல ஓடிருக்கு.”

“எங்க மாமியார் வீட்டுல சோம்பேறிங்கறாங்க.”

“ஒரு வயசுப் பிள்ளைக்கு என்னம்மா சோம்பல்? வேலைக்கா போறா?”

இருவரும் சிரித்தார்கள். டவலக்கா வேறு எதையும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தாள். நாளைக்கு நடந்துவிடுவாள், நாளைக்கு வீட்டில் நடந்தால் அதுதான் முதல் அடி. எதற்கு இப்போது போய், ‘அது நடந்து முடிந்துவிட்டது, நீ பார்க்கவில்லை’ என்று ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும்? ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு மாதம் போனது. சொல்லாமல் விட்ட விஷயம் நாளாக நாளாகக் கல்லாகிக்கொண்டே வந்தது.

அவள் கவனிக்காமல் இருந்தாளா என்றால், இல்லை. இரண்டு படி ஏறுகிற மரப்பெஞ்சில் குடை இப்போது ஏறுவதில்லை, முன்பு ஏறுவாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி கைக்குள் நழுவினாள். மற்ற பிள்ளைகள் தோளை இறுக்கிக்கொள்வார்கள். ஸ்பூனைப் பிடிக்கும்போது விரல் நுனிகள் லேசாக நடுங்கின. ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். காய்ச்சல். பல் முளைக்கிறது. எடை ஏறவில்லை. இவ்வளவு வருடம் இந்த வேலையில் இருந்தவளுக்கு வரக்கூடாத தவறு இது என்று யாராவது சொன்னால் அதை மறுக்க முடியாது. இவ்வளவு வருடம் இருந்ததால்தான் வந்தது என்பதும் உண்மை. எத்தனையோ பிள்ளைகள் தாமதித்துப் பிறகு ஓடியதை அவள் பார்த்திருந்தாள்.

பதினாறாவது மாதத்தில் அம்மா தெருமுனை டாக்டரிடம் காட்டினாள். “நடந்திருக்காளா?” என்று அவர் கேட்டார். “இன்னும் இல்ல” என்றாள். “பதினெட்டு மாசம் வரைக்கும் பொறுங்க. பேச்சு நல்லா இருக்கு, பயப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது தவறில்லை. அவருக்குக் கிடைத்த பதில்தான் தவறு.

பத்தொன்பதாவது மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்து காப்பகத்துக்கு ஒரு படிவம் வந்தது, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் நிரப்ப வேண்டியது. டவலக்கா அதைச் சாப்பாட்டு இடைவேளையில், பிள்ளைகள் தூங்கும்போது, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். தானாகச் சாப்பிடுகிறாளா, தூக்கம் எப்படி, பேச்சு எத்தனை சொல். மளமளவென்று எழுதினாள். பதினோராவது கேள்வியில் பேனா நின்றது.

‘முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது குழந்தை இப்போது செய்யாமல் விட்டிருக்கிறதா?’

பயிற்சி வகுப்பில் பரீட்சைக்குப் படித்தது அது. இன்னும் வராதது ஒன்று. வந்துவிட்டுப் போனது வேறு. வராததற்குக் காத்திருக்கலாம். வந்துவிட்டுப் போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அதை அவள் பரீட்சையில் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆறு மாதமாக அது மனதின் ஓரத்தில்கூட வரவில்லை. காரணம், குடை நடந்ததை யாரும் பார்க்கவில்லை அல்லவா? நானூறு தடவை அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே அதை நம்பியிருந்தாள்.

காப்பகத்தை நடத்தும் மேடத்திடம் படிவத்தைக் கொண்டுபோனாள். மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“தாள்ல என்ன போட்டிருக்கு?”

“தாள்ல அந்தக் கட்டம் காலி.”

“அப்போ ‘இல்லை’ன்னு எழுதிடுங்க. தாளும் ஃபாரமும் ஒண்ணா இருக்கணும்.”

“மேடம், அவ நடந்தா. ஆறு அடி. என் கண்ணால பாத்தேன்.”

மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்ட மனுஷி இல்லை. “அக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதை எழுதினா நாளைக்கு ஒவ்வொரு அம்மாவும் வந்து கேப்பா, ‘என் பிள்ளை நிஜமா எப்போ நடந்துச்சு’ன்னு. என்ன பதில் சொல்வோம்? இத்தன வருஷத் தாளையும் கிழிச்சுப் போடுவோமா?”

“அவங்க பிள்ளைங்க எல்லாம் இப்போ ஓடுதுங்க மேடம். இவ ஓடல.”

“டாக்டருங்க படிச்சவங்க. நாம எழுதலன்னாலும் கண்டுபிடிப்பாங்க.”

“கண்டுபிடிப்பாங்க. ‘இல்லை’ன்னு எழுதினா ரெண்டு மாசம் கழிச்சுக் கண்டுபிடிப்பாங்க.”

மேடம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். “உங்க இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

படிவத்தில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பெண் அதை ஆஸ்பத்திரி வரிசையில் நின்று படிப்பாள். அது கூடாது என்று டவலக்காவுக்குப் பட்டது. தோளிலிருந்த டவலை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகள் எழுவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லி, இரண்டு தெரு தள்ளி இருந்த கண்ணாடிக் கடைக்கு நடந்தாள்.

கடையின் பின்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு பெரியவர் முகத்தில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு வில்லையாக மாற்றி, “இது தெளிவா, இது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் டவலக்காவைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

“என்னக்கா? பாப்பாவுக்கு என்ன?”

“ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டுத் தூங்கறா. உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும். இவர முடிச்சு அனுப்புங்க, நிக்கறேன்.”

பெரியவருக்கு இரண்டுமே தெளிவாக இல்லை. அவரை அனுப்ப கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் டவலக்கா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவள் யோசிக்கவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னால் சொல்லாமலே திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

“அம்மா, பாப்பா நடந்திருக்கா. பதிமூணாவது மாசத்துல. காய்ச்சல் வந்த அன்னைக்குக் காலைல.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. டவலக்கா எதிர்பார்த்தது எல்லாம் வேறு, இதை எதிர்பார்க்கவில்லை.

“நடந்தாளா? எத்தன அடி?”

“ஆறு.”

“பிடிக்காமலா?”

“பிடிக்காம. விழவும் இல்ல. என் முட்டியப் பிடிச்சுக்கிட்டு பழம் கேட்டா.”

“பழம் கேட்டாளா!” என்று சிரித்தாள் அம்மா. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையிலிருந்த வில்லையைப் பெட்டியில் வைத்தாள். வேறு எண்ணுக்குரிய குழியில் வைத்தாள். எடுத்து மறுபடி வைத்தாள். “பதிமூணுல நடந்தவ இப்போ ஏன்க்கா நடக்கல?”

“அதத்தாம்மா டாக்டர்கிட்ட சொல்லணும். உடனே சொல்லணும். நடக்காம இருக்கறது வேற, நடந்துட்டு விட்டுட்டது வேற.”

“நான் தினம் கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“தினம் வாசல்ல நின்னு கேட்டேனேக்கா. ‘நடப்பா, நடப்பா’ன்னு சொன்னீங்களே. தெருமுனை டாக்டர் கேட்டப்போ இல்லன்னு என் வாயால சொன்னேனே.”

டவலக்கா, முதல் அடியை நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் மறைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால், அந்தப் பெண்ணின் தலையிலேயே அதைக் கட்டுவது போல் இருக்கும் என்று நினைத்தாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்க” என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.”

மறுநாள் டாக்டர் அம்மாள் கேள்வி கேட்டார். டவலக்கா பதில் சொன்னாள். எப்போது நின்றாள்? பத்தரை மாதம், தொட்டில் அறையில். எப்போது கம்பி பிடித்து நகர்ந்தாள்? பன்னிரண்டு முடிந்ததும். பெஞ்சில் ஏறினாளா? ஏறினாள், பதினைந்து முடிவதற்குள் விட்டுவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படி எழுவாள்? முன்பு நேராக, இப்போது தொடையில் கை ஊன்றி. விரல் நடுக்கம் எப்போது? பதினாறில். ஒவ்வொரு பதிலும் துல்லியமாக இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனையும் தெரிந்த ஒருத்தி வாசலில் நின்று என்னோடு சிரித்துக்கொண்டிருந்தாளா என்பது போன்ற பார்வை.

டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் குடையின் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. மறுகாலிலும் தட்டினார். “இன்னொரு தடவ தட்டு” என்று குடை உத்தரவு போட்டாள். அறையில் சிரித்தது டாக்டர் மட்டும்தான். நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. முதுகுத்தண்டிலிருந்து தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும் ஒரு நோய். பிறக்கும்போதே உடம்பில் எழுதப்பட்டிருப்பது. அறிவுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து இருக்கிறது. இருப்பதை மருந்து காப்பாற்றும். போனதை மீட்டுத் தராது. உட்காருவாள், கை வேலை செய்யும், பள்ளிக்கூடம் போவாள். நடப்பது சந்தேகம்.

“நாலு மாசம் முன்னாடி, அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா?” என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் முடிவுத் தாளை மடித்து வைத்தார். “முன்னாடி வந்திருந்தா நல்லது. எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா.”

அம்மா கேட்டுத் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகும் அவள் பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தாள். வேறு வழியில்லை, வேலை இருக்கிறதே. முன்புபோலவே வாசலில் நின்று பேசினாள். மருந்து மணி, கால் பயிற்சி, தண்ணீர் எவ்வளவு குடித்தாள். பேச்சில் மரியாதை குறையவில்லை. ‘அக்கா’ மட்டும் நின்றுவிட்டது. “வந்துட்டேன்.” “பையைக் கொடுங்க.” “வரேன்.” யாரை அழைக்கிறோம் என்ற சொல்லே இல்லாமல் ஒருத்தி எத்தனை வாக்கியம் பேச முடியும் என்பதை டவலக்கா அந்த நாட்களில் தெரிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை டவலக்கா ஒரு நாள் விடாமல் செய்தாள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கி, இருபது எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் பத்துப் பத்து முறை. முதுகு வளையாமல் இருக்க நாற்காலியில் சரியான இடத்தில் துணியைச் சுருட்டி வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை, தாங்கு பலகையில் பட்டை கட்டி நிற்க வைக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சியின் நடுவே குடை விரலை உதட்டில் வைத்து, “ஸ்ஸ், வவக்கா. காலு தூங்குது. சத்தம் போடாத” என்றாள். டவலக்கா எண்ணிக்கையைத் தவறவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

நடை அறையின் பெரிய சட்டம் போய்விட்டது. மேடத்திடம் அவள் அனுமதி கேட்கவில்லை, செய்துவிட்டுச் சொன்னாள். இப்போது எது நடந்தாலும் அன்றன்றைக்கு, மணியோடு, நோட்டில் ஏறிவிடும். வாளியின் அம்மாவிடம், “இன்னைக்கு மூணே காலுக்கு நடந்தான், நாலு அடி” என்று முகத்துக்கு நேராகச் சொன்னபோது அந்த அம்மா மகனை அள்ளி எடுத்துக்கொண்டாள். “நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?” என்றாள். டவலக்கா, “கூடாதும்மா” என்றாள். சமையல்காரர் அவள் போனபின் வந்து, “இனிமே எனக்கு நடிப்பு வேலை இல்ல, அந்த மட்டுக்கும் நிம்மதி” என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குடைக்கு இரண்டு வயது முடிந்த மாதத்தில் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு மாறினார்கள். கடைசி நாள் பொருட்களை எடுத்துப்போக அப்பா வந்தார். டவலக்கா அவரை அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தாள். உயரமான மனிதர், நடை அறைக்குள் வந்தபோது எங்கே கால் வைப்பது என்று தெரியாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தாங்கு பலகை, இரண்டு மாற்றுத் துணி, மருந்துப் பெட்டி, நோட்டு. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பயிற்சி வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள், அதையும் கொடுத்தாள்.

“நீங்கதானே பாத்தது?” என்றார் அவர். கோபம் இல்லாத குரல்.

“நான்தான் தம்பி.”

“எங்க?”

அவள் காட்டினாள். கம்பி முடிகிற இடம். அங்கிருந்து பாயின் ஓரம். அவர் குனிந்து பார்த்தார். அவருடைய நடைக்கு அது இரண்டு எட்டுக்கு மேல் வராது. அங்கே மீனும் மணியும் உட்கார்ந்து ஒரு மூடியைப் பிடுங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எந்தக் கால முதல்ல வச்சாக்கா?”

டவலக்கா வாயைத் திறந்தாள். இடது என்று சொல்லலாம். வலது என்றும் சொல்லலாம். சரிபார்க்க யாரும் இல்லை. எதைச் சொன்னாலும் அந்த மனிதர் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அவருக்கு அது போதும். இப்படிப்பட்ட பொய்யை, மலர்ந்த முகத்தோடு, அவள் நானூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளை முதல் அடியை வைத்துவிட்டிருந்தாள்.

“தெரியல தம்பி” என்றாள். “நான் கவனிக்கல.”

அவர், “சரிக்கா” என்று சொல்லிவிட்டுத் தாங்கு பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டார். வெளியே வண்டியில் குடை உட்கார்ந்து, கண்ணாடியைத் தட்டி, எல்லாரையும் சீக்கிரம் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.